அல் ஐன் எப்படி ஒரே நகரமாயிற்று: புரைமிப் பாலைச்சோலை ஊர்களின் வரலாறு

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரம் பல கிராமங்கள் சேர்ந்து உருவானது என்று படித்ததாகவும், அந்த இணைப்பு எந்த ஆண்டில் யாருடைய ஆணையால் நடந்தது என்பது எங்கும் கிடைக்கவில்லை என்றும், எண்ணெய்ப் பணம் வந்த பிறகுதான் அங்கே ஊர் என்று சொல்லத்தக்க ஒன்று ஏற்பட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒற்றை ஆணையில் தொடங்கிய கதையாக இது இல்லாததால்தான் ஆண்டு கிடைக்கவில்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலத்தில், சிறிது சிறிதாக, பல காரணங்களால் நடந்த சேர்க்கை இது. எண்ணெய்ப் பணம் அந்த நகரத்துக்குத் தார்ச்சாலையும் மின்விளக்கும் கொடுத்தது உண்மை. ஆனால் தனித்தனியாகக் கிடந்த ஊர்களை ஒரே ஆட்சிக்கும் ஒரே சந்தைக்கும் திருப்பியவை அதற்கு முன்பே நடந்த இரண்டு நிகழ்வுகள் என்பது என் கருத்து. ஒன்று தண்ணீர்ப் பங்கில் ஏற்பட்ட மாற்றம். மற்றது எல்லைத் தகராறு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். அபுதாபி நகரிலிருந்து கிழக்கே சுமார் 160 கி.மீ., துபாயிலிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், கடலைப் பார்க்காத உள்நாட்டில் இருக்கிறது அல் ஐன். கிழக்கே ஓமானின் ஹஜர் மலைத்தொடர். தெற்கே தனியாக எழும் ஹஃபீத் மலை, 1,200 மீட்டருக்குச் சற்று மேல். மலைகளில் பெய்யும் கொஞ்ச மழை சரளை மண்ணுக்குள் இறங்கி, அடிவாரத்தில் நிலத்தடி நீராகத் தேங்குகிறது. அந்த நீரை நம்பி, சுமார் பத்துக் கி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒன்பது ஊர்கள் இருந்தன. அல் ஐன், ஜீமி, கத்தாரா, ஹிலி, முஃதரித், முவைஜி ஆகிய ஆறும் அபுதாபி ஆட்சியாளரின் செல்வாக்கில் இருந்தவை. புரைமி, ஹமாசா, சஅரா ஆகிய மூன்றும் ஓமானை ஆண்ட மஸ்கட் சுல்தானைச் சார்ந்தவை. (சிலர் மஸ்ஊதி என்ற சிறு குடியிருப்பையும் தனி ஊராகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள், பழைய பட்டியல்களில் எண்ணிக்கை மாறுபடுவதற்கு அதுவே காரணம்.) வெளியுலகம் இந்த வட்டம் முழுவதையும் ‘புரைமிப் பாலைச்சோலை’ என்றே குறிப்பிட்டு வந்தது. அல் ஐன் என்பது அதில் ஓர் ஊரின் பெயர் மட்டுமே.

இவ்வளவு நெருக்கமாக இருந்த ஊர்கள் ஏன் நூற்றாண்டுகளாகச் சேராமல் இருந்தன என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விடை ஃபலஜ் என்ற பாசன அமைப்பில் இருக்கிறது. மலையடிவாரத்தில் நீர் இருக்கும் ஆழம் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி நிலத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்க வாய்க்கால் வெட்டப்படும். நிலத்தின் சரிவைவிட வாய்க்காலின் சரிவு குறைவாக இருப்பதால், பல கி.மீ. கடந்த பின் தண்ணீர் யாரும் இறைக்காமலேயே தரைமட்டத்துக்கு வந்துவிடும். மண்ணை மேலே எடுக்கவும், பின்னாளில் தூர்வாரவும் இடையிடையே செங்குத்தான குழிகள் இருக்கும். குழியைச் சுற்றி வெட்டியெடுத்த மண் வளையம் போலக் குவிந்திருக்கும். தண்ணீர் முதலில் வெளிச்சத்தைப் பார்க்கும் இடத்துக்கு ஷரீஆ என்று பெயர். குடிநீர் அங்கே எடுக்கப்படும். அதற்குக் கீழே பள்ளிவாசலில் ஒளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுதல்) செய்யவும், இன்னும் கீழே குளிக்கவும் துவைக்கவும் இடம் இருக்கும். அதன் பிறகே அது தோட்டங்களுக்குள் பிரியும்.

தோட்டத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் என்பது பரம்பரைப் பங்கு. நிலம் ஒருவருடையதாகவும் நீர்ப்பங்கு வேறொருவருடையதாகவும் இருக்கலாம்; பங்கை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பள்ளிவாசலுக்கு எழுதி வைக்கலாம். பகலில் நட்டு வைத்த கோலின் நிழலையும் இரவில் விண்மீன்கள் எழுவதையும் பார்த்து முறை மாற்றுவார்கள். முறையைக் கவனித்துச் சண்டையைத் தீர்க்க அரீஃப் என்றொரு பொறுப்பாளர் இருப்பார். மதகு என்று பெரிதாக எதுவும் இல்லை. வாய்க்காலின் வாயில் ஒரு கல்லும் ஒரு கந்தல் துணியும் சேறும்தான். அதை எடுத்து அடுத்த வாய்க்காலில் வைத்தால் முறை மாறிவிட்டது என்று பொருள்.

ஒவ்வோர் ஊருக்கும் இப்படித் தனி ஃபலஜ் இருந்தது. அல் ஐன் தோப்புக்கு ஐனீ, தாவூதீ என்ற இரண்டு வாய்க்கால்கள் பாய்ந்தன. ஆகவே ஓர் ஊர்க்காரருக்குப் பக்கத்து ஊரோடு தண்ணீரில் கொடுக்கல் வாங்கல் இல்லை. பொதுவாக இருந்தது ஒரு அச்சம் மட்டும்: மேற்பக்கத்தில் யாராவது புதிதாகக் கிணறு வெட்டினால் தங்கள் ஊற்று வற்றிவிடும் என்ற அச்சம். கூட்டுவதைக் காட்டிலும் பிரிப்பதற்கே அது உதவியது.

பழமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹஃபீத் மலையடிவாரத்தில் தேன்கூடு வடிவக் கல்லறைகள் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஹிலியில் உள்ள பெரிய வட்டக் கல்லறை, 12 மீட்டர் விட்டமுடையது, வெண்கலக் காலத்தின் உம் அல் நார் பண்பாட்டைச் சேர்ந்தது. 1959-இல் அபுதாபிக் கடற்கரைத் தீவில் அகழ்ந்துகொண்டிருந்த டென்மார்க் ஆய்வாளர்களை, எங்கள் பக்கத்திலும் இப்படிப்பட்டவை இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று அப்போது இங்கே ஆளுநராக இருந்த ஷேக் ஸாயித் பின் சுல்தான் அழைத்ததால்தான் இவை வெளியுலகுக்குத் தெரிந்தன. ஃபலஜ் முறையும் இங்கே மிகப் பழையது; ஹிலியிலும் பித்அ பின்த் சஊதிலும் கிடைத்தவை கி.மு. 1000-ஐ ஒட்டிய இரும்புக் காலத்தவை. இதை வைத்து ‘ஐயாயிரம் ஆண்டு நகரம்’ என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஐயாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த இடம் என்பது சரி. நகரம் என்பது அண்மைக் காலத்து விஷயம்.

குலங்களின் கணக்கு இனி. அல் ஐன், ஜீமி, கத்தாரா, ஹிலி, முஃதரித் பக்கம் தவாஹிர் குலத்தார் பெரும்பான்மை. புரைமி, ஹமாசா, சஅரா பக்கம் நயீம் குலமும் அதன் கிளையான ஆல்பூ ஷாமிஸும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு அரேபியாவின் நஜ்திலிருந்து வந்த சவூதிப் படைகள் புரைமியைப் பிடித்தன. இடையிடையே விட்டும் மீண்டும் பிடித்தும் இருந்து, 1869-இல் ஓமானின் இமாம் அஸ்ஸான் பின் கைஸிடம் அதை இழந்தன. அந்த வெற்றிடத்தில்தான் அபுதாபியின் ஆட்சிக் குடும்பமான நஹ்யான் குடும்பத்தின் கை இங்கே ஓங்கியது. 1855 முதல் 1909 வரை ஆண்ட ஸாயித் பின் கலீஃபா, மக்கள் ‘பெரிய ஸாயித்’ என்று சொல்பவர், ஒரே போரில் இந்த ஊர்களைப் பிடிக்கவில்லை. தோட்டங்களையும் நீர்ப்பங்குகளையும் வாங்கினார். தவாஹிர் எதிர்த்தபோது படையெடுத்தார். அடங்கிய பின் அந்தக் குலத்தவரிடமிருந்தே தமக்குப் பேராளரை வைத்துக்கொண்டார். 1890களில் அவர் கட்டிய ஜாஹிலி கோட்டை, அடுக்கடுக்காக மேலெழும் வட்டக் கோபுரத்துடன், இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. சுடாத செங்கல்லும் பேரீச்சை மரத் துண்டுகளுமாகக் கட்டப்பட்டது. அவருடைய பிள்ளைகள் காலத்தில் முவைஜி பக்கத்திலும் நஹ்யான் குடும்பத்துக்குத் தோட்டமும் கோட்டையும் ஏற்பட்டன. அல் ஐன் தோப்பின் கிழக்கு ஓரத்தில் 1910-இல் இன்னொரு கோட்டை எழுந்தது.

அபுதாபிக் கடற்கரைக்கும் இந்தத் தோப்புகளுக்கும் இருந்த தொடர்பு வெறும் ஆட்சித் தொடர்பு அல்ல. கோடைக் காலத்தில் ஆண்கள் முத்துக்குளிக்கக் கடலுக்குப் போவார்கள். வசதியுள்ள குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் ஒட்டகத்தில் ஐந்தாறு நாள் பயணம் செய்து, பேரீச்சை பழுக்கும் பருவத்துக்கு இங்கே வந்து சேருவார்கள். கரையில் குடிநீரே உவர்ப்பு. இங்கே நிழலும் இனிய நீரும் பழமும். இந்தக் குடும்பங்கள் அல் ஐனிலும் ஜீமியிலும் முவைஜியிலும் தோட்டம் வைத்திருந்ததால், தவாஹிரின் ஊர்களுக்கு நடுவே வெளியூர் உடைமை கலந்தது. ஊர்கள் ஒன்றாவதற்கான முதல் நூல் இந்தக் கலப்பு என்று சொல்லலாம். ஆனால் மெல்லிய நூல்தான். பெரிய ஸாயித் இறந்த பின் ஆட்சிக் குடும்பத்துக்குள் 1920களில் கொலைகள் தொடர்ந்தன. 1930களில் ஜப்பானியச் செயற்கை முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் முத்துத் தொழிலை அழித்தன. அபுதாபியின் கை இங்கே தளர்ந்தது. தூர்வார ஆளும் பணமும் இல்லாமல் ஃபலஜ்கள் அடைபட்டன, தோட்டங்கள் காய்ந்தன. இருந்த தண்ணீரும் பங்கை விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்ட சிலரிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த நிலையில்தான் 1946-இல், அபுதாபியை ஆண்ட ஷேக் ஷக்பூத் தம் தம்பி ஸாயித் பின் சுல்தானை இந்தப் பகுதிக்கு ஆளுநராக நியமித்தார். ஸாயித் முவைஜி கோட்டையில் தங்கினார். கைச்செலவுக்கே போதாத வருவாய். கோட்டைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, ஒட்டகத் திருட்டு முதல் வாய்க்கால் சண்டை வரை வந்த வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பார். வழக்குக்கு வந்தவர்கள் எந்த ஊர், எந்தக் குலம் என்ற வேறுபாடு அங்கே இல்லை. பாலைவனத்தில் அலையும் அவாமிர், மனாஸிர் குலத்தார்கூட வந்தார்கள். ஆறு ஊருக்கும் பொதுவான ஒரு நீதிமன்றம் என்று இன்றைய சொல்லில் சொன்னால் மிகையாகாது.

அவர் செய்த காரியங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தண்ணீர். அடைந்து கிடந்த ஃபலஜ்களைத் தூர்வாரச் செய்தார். தாமே கீழே இறங்கி வேலை செய்தார் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதோடு ஸாரூஜ் என்ற புதிய ஃபலஜை வெட்டத் தொடங்கினார். 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வேலை முடிய ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆயின. புதிய நீர் வருமுன் பழைய வழக்கத்தையும் தொட்டார். நீர்ப்பங்கை விலைக்கு விற்றுப் பிழைக்கும் முறையைக் குறைத்து, தோட்டம் வைத்திருப்பவருக்கு நியாயமான அளவு நீர் கிடைக்க வேண்டும் என்று பங்கீட்டை மாற்றியமைத்தார். முன்மாதிரியாகத் தம் குடும்பத்தின் நீர் உரிமையை முதலில் விட்டுக்கொடுத்தார். ஊருக்கு ஊர், வாய்க்காலுக்கு வாய்க்கால், அரீஃபின் நினைவிலும் சில பெரியவர்களின் சொல்லிலும் இருந்த உரிமை, இப்போது ஆளுநர் ஒருவரின் பொறுப்பில் வந்தது. தண்ணீர் வேறு வேறாக இருந்ததால் தனியாக நின்ற ஊர்கள், தண்ணீர் ஒருவர் கைக்கு வந்தபோது ஒன்றின. நகராட்சி அலுவலகம் பின்னாளில்தான் வந்தது.

இதே ஆண்டுகளில் வெளியிலிருந்து இன்னொரு நெருக்கடி வந்தது. எண்ணெய் இருக்கக்கூடும் என்று அமெரிக்க நிறுவனமான அராம்கோ கருதிய நிலப்பரப்பின் மீது 1949-இல் சவூதி அரேபியா உரிமை கோரியது. புரைமியும் அந்தக் கோரிக்கைக்குள் அடங்கிற்று. 1952 ஆகஸ்ட் 31 அன்று துர்க்கீ பின் அப்துல்லா என்ற சவூதி அதிகாரி, ஆயுதம் தாங்கிய சிறு படையுடன் ஹமாசாவுக்கு வந்து, தாமே இனிமேல் இங்கே ஆளுநர் என்று அமர்ந்துகொண்டார். அவர் கையில் வைத்திருந்த பெரிய ஆயுதம் பணமும் விருந்தும்தான். வறண்டு கிடந்த ஊர்களில் ஆட்டுக்கறிச் சோறும் துணிமணியும் பரிசுப் பணமும் எவ்வளவு தூரம் பேசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹமாசாவின் ஷேக் அவருக்கு இடம் கொடுத்தார். நயீம் தலைவர்களும் சாய்ந்தார்கள். மஸ்கட் சுல்தான் ஓமான் கடற்கரையிலுள்ள சொஹாரில் பல ஆயிரம் குலப்படையினரைத் திரட்டி அவரைத் துரத்தப் புறப்பட இருந்தபோது, அபுதாபியின் வெளியுறவைப் பொறுப்பேற்றிருந்த பிரிட்டன் தடுத்து நிறுத்தியது. அக்டோபரில் ‘அவரவர் இருக்கும் இடத்தில் இருங்கள்’ என்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. சில கி.மீ. தொலைவில் முவைஜியில் ஸாயித், ஹமாசாவில் துர்க்கீ. நடுவில் இரு தரப்புக்கும் உறவுக்காரர்கள் வாழும் தோப்புகள்.

1954 ஜூலையில் வழக்கை நடுவர் மன்றத்துக்கு விட ஒப்புக்கொண்டார்கள். அங்கே எழுந்த கேள்வி சுவையானது. பாலைவனத்தில் எல்லைக் கல் கிடையாது. அப்படியானால் ஓர் ஊர் யாருடையது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? ஜகாத் என்ற சமய வரியை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதே பெரிய சான்றாக வைக்கப்பட்டது. 1920களில் தங்கள் வசூலாளர்கள் வந்தார்கள் என்றது சவூதித் தரப்பு. 1869-க்குப் பிறகு உங்கள் ஆட்சி இங்கே எங்கே இருந்தது என்று கேட்டது அபுதாபிக்கும் மஸ்கட்டுக்கும் வழக்காடிய பிரிட்டிஷ் தரப்பு. ஒவ்வொரு ஊரின் வரி, கோட்டை, குலத் தலைவர், தோட்ட உரிமை எல்லாம் எழுத்தில் ஏறின. அதுவரை குல உறவாகவும் விசுவாசமாகவும் இருந்த ஒன்றை ‘இந்த ஆறு ஊரும் ஒரு தரப்பு, இந்த மூன்று ஊரும் மறு தரப்பு’ என்று முதன்முதலாகக் கறாராகப் பிரித்துக் காட்டியது இந்த வழக்குதான். பக்கத்து ஊரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், தாங்கள் எந்தப் பட்டியலில் வருகிறோம் என்று தெரிந்துகொண்டார்கள்.

1955 செப்டம்பரில் ஜெனீவாவில் மன்றம் கூடியது. ஸாயித் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். சவூதித் தரப்பினர் தமக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தார்கள் என்பதும் அவர் சாட்சியத்தில் அடங்கும். மன்றத்தின் நடுநிலையைச் சவூதித் தரப்பினர் குலைக்கிறார்கள் என்று சொல்லிப் பிரிட்டிஷ் உறுப்பினர் சர் ரீடர் புல்லார்ட் விலகினார், மன்றம் கலைந்தது. அக்டோபர் 26 அன்று, பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழிருந்த ட்ரூஷியல் ஓமான் லெவீஸ் படை ஹமாசாவுக்குள் புகுந்து சவூதிப் படையினரை வெளியேற்றியது. அவர்களைச் சார்ந்திருந்த தலைவர்கள் சிலர் சவூதி மண்ணுக்குப் போய்விட்டார்கள். ஆறு ஊர் அபுதாபிக்கு, மூன்று ஊர் மஸ்கட்டுக்கு என்பது அன்று நடைமுறையில் நிலைபெற்றது. சவூதி அரேபியா தன் கோரிக்கையைக் கைவிட்டு எழுதிக் கொடுத்தது 1974 ஆகஸ்ட் 21 அன்று ஜித்தாவில். அதற்கு விலையாக அமீரகம், கத்தாருக்குக் கிழக்கே கடலுக்குப் போகும் ஒரு நிலத் துண்டையும், ஷைபா எண்ணெய் வயலில் தனக்கு இருக்கக்கூடிய உரிமையையும் விட்டுக்கொடுத்தது. ஆறு தோப்புகளுக்காக ஓர் எண்ணெய் வயலைக் கொடுத்தது நியாயமான பேரமா என்ற வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

‘எண்ணெய் வந்த பிறகுதானே’ என்ற உங்கள் கேள்விக்கு இந்த இடத்தில் விடை சொல்லலாம். அபுதாபியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1958. முதல் கப்பல் ஏற்றுமதி 1962. அதற்கு முன்பே, அல்லது அதே காலத்தில் மிகச் சிறிய பணத்தில், அல் ஐன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புதிய கடைத்தெரு அமைந்தது. 1959-இல் நஹ்யானிய்யா பள்ளி வந்தது. 1960-இல் அமெரிக்க மிஷனரி மருத்துவத் தம்பதியரான கென்னடி இணையர் ஸாயிதின் அழைப்பில் வந்து, ஆளுநர் கொடுத்த மண் வீட்டில் மருத்துவமனை தொடங்கினார்கள். ஊர் மக்கள் வாயில் அது ‘கனத்’ மருத்துவமனை ஆயிற்று. குழந்தை பிறப்பில் தாயும் சேயும் இறப்பது வழக்கமாக இருந்த இடத்தில் அது என்ன மாற்றத்தைச் செய்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சந்தை, பள்ளி, மருத்துவமனை மூன்றும் ஆறு ஊருக்கும் பொது. மூன்றும் அல் ஐன் ஊரை ஒட்டி அமைந்ததால், ஜீமிக்காரரும் ஹிலிக்காரரும் ‘அல் ஐனுக்குப் போகிறேன்’ என்று புறப்படும் வழக்கம் வந்தது. ஓர் ஊரின் பெயர் ஆறு ஊருக்கும் ஆனது இப்படித்தான். புரைமி என்ற பெயர் ஓமான் பக்கத்தோடு நின்றுவிட்டது. (அந்தக் கடைத்தெருவில் புழங்கிய நாணயம் என்ன தெரியுமா? 1966 வரை, இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்ட ரூபாய்தான். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனியாக அச்சிடப்பட்டது.)

1966 ஆகஸ்ட் 6 அன்று ஸாயித் அபுதாபி முழுமைக்கும் ஆட்சியாளரானார். கையில் பணமும் ஆணையும் சேர்ந்தன. அபுதாபியிலிருந்து தார்ச்சாலை வந்தது. ஐந்து நாள் பயணம் இரண்டு மணி நேரமானது. திட்டமிட்ட நகரம் எழத் தொடங்கியது. இங்கே எடுக்கப்பட்ட ஒரு முடிவைத்தான் நான் பாராட்டுவேன். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் பழைய ஊரை இடித்து அதன் மேல் புதிய நகரம் கட்டுவார்கள், தோப்புகள் மனைகளாகும். அல் ஐனில் தோப்புகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே ஆடு மேய்ந்த சரளை வெளிகளில் நகரத்தைக் கட்டினார்கள். அகலமான மரவரிசைச் சாலைகள் ஒரு தோப்பின் ஓரத்திலிருந்து இன்னொன்றின் ஓரத்துக்குப் போயின. சந்திக்கும் இடமெல்லாம் பூங்காவோடு கூடிய வட்டச் சுற்றுகள். நாலைந்து மாடிக்கு மேல் பொதுவாகக் கட்டடம் எழக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆகையால் துபாயிலிருந்து வருபவருக்கு அல் ஐன் படுத்துக் கிடக்கும் நகரமாகத் தோன்றும்.

மக்கள் தோப்பை விட்டு வெளியே வந்ததும் இந்தக் காலத்தில்தான். மண் வீடுகளிலும் ஓலை வீடுகளிலும் இருந்த குடும்பங்களுக்கு அரசு ஷஅபிய்யா என்று சொல்லப்படும் இலவசக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தது. பதூவின் என்னும் பாலைவன நாடோடிக் குடும்பங்களும் அங்கேயே அமர்த்தப்பட்டன. ஒரு குலம் ஒரு தோப்பு என்றிருந்த ஒழுங்கு இந்தக் குடியிருப்புகளில் கலைந்தது. தவாஹிர் வீட்டுக்கு எதிர் வீடு அவாமிர், அடுத்த வீடு கடற்கரையிலிருந்து வந்த பனீ யாஸ் குலத்தார். 1968-இல் விலங்குக் காட்சிசாலையும் கால்பந்துக் கழகமும், 1976-இல் நாட்டின் முதல் பல்கலைக்கழகமும், 1979-இல் தவாம் மருத்துவமனையும், 1994-இல் விமான நிலையமும் வந்தன. தவாம் என்பது இந்தப் பாலைச்சோலையின் மிகப் பழைய பெயர். பல்கலைக்கழகத்தைத் தலைநகரில் வைக்காமல் இங்கே வைத்தது இந்த ஊரின் நிலையை உயர்த்திய செயல். ஏழு அமீரகத்தின் இளைஞர்களும் இங்கே வந்து தங்கிப் படித்தார்கள். இன்று மக்கள் தொகை ஏழு லட்சத்துக்கு மேல். அதில் பெரும் பங்கு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நம்மவர்கள் ‘சனாயியா’ என்று சொல்லும் தொழிற்பேட்டைப் பகுதியில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும்.

இணைப்பின் விலையையும் சொல்ல வேண்டும். நகரம் வளர, ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் பெருகின. வெளியே புதிய பண்ணைகள் வந்தன. பழைய ஊர்க்காரர்கள் அஞ்சிய அதே விஷயம் பெரிய அளவில் நடந்தது. நிலத்தடி நீர் இறங்கி, ஃபலஜ்கள் தாமாக ஓடுவதை நிறுத்தின. இன்று தோப்புக்குள் வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி கிணறுகளிலிருந்து இறைத்து விடப்படுவது. வீட்டுக் குழாயில் வருவதோ, ஃபுஜைரா கடற்கரையில் உப்பு நீக்கி மலையைக் கடந்து குழாயில் அனுப்பப்படுவது. தோட்டத்து உரிமையாளர்கள் வேறிடத்தில் குடியிருக்கிறார்கள். வாய்க்காலின் வாயில் கல்லையும் துணியையும் எடுத்து வைப்பவர் பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளி. அல் ஐன் தோப்பில் மட்டும் சுமார் 1,47,000 பேரீச்சை மரங்கள் இருப்பதாகக் கணக்கு. அடியில் எலுமிச்சை, மா, வாழை. நடைபாதையின் இருபுறமும் ஆள் உயரச் சுவர். உள்ளே வெயிலின் சூடு சட்டென்று குறைவதை நீங்கள் போய்ப் பார்த்தால் உணரலாம். 2011-இல் யுனெஸ்கோ ஹஃபீத், ஹிலி, பித்அ பின்த் சஊத் ஆகியவற்றோடு ஆறு தோப்புகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமீரகத்திலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுவே. ஆறும் தனித்தனிப் பெயரில்தான் அதில் இருக்கின்றன.

மற்ற மூன்று ஊர்களின் கதை வேறு திசையில் போயிற்று. நீண்ட காலம் அல் ஐனுக்கும் புரைமிக்கும் இடையே தடை எதுவும் இல்லை. அல் ஐனில் வேலை பார்த்தவர்கள் வாடகை குறைவு என்று புரைமியில் குடியிருந்தார்கள். காய்கறிக்கும் துணிக்கும் அங்கே போய் வந்தார்கள். ஒரே தெருவில் நாடு மாறும், யாரும் நிறுத்த மாட்டார்கள். 2000களின் நடுவில் அமீரகம் வேலி போட்டது. 2006 வாக்கில் கடவுச்சீட்டைக் காட்டிக் குறிப்பிட்ட வாயில் வழியாகவே போகலாம் என்ற நிலை வந்தது. அதே 2006 அக்டோபரில் ஓமான், புரைமியைத் தனி மாகாணமாக அறிவித்தது. ஹமாசாவும் சஅராவும் இன்று அந்தப் புரைமி நகரத்தின் பகுதிகள். ஆக, ஒன்பது ஊரில் ஒரு நகரம் பிறந்ததாகச் சொல்வதைவிட, ஆறு ஊரில் ஒன்றும் மூன்று ஊரில் ஒன்றுமாக இரண்டு நகரங்கள் பிறந்ததாகச் சொல்வதே சரி. ஆண்டு என்று ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணெய் பாய்ந்த 1962-ஐயும் ஸாயித் ஆட்சிக்கு வந்த 1966-ஐயும் விட்டுவிட்டு, எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவான 1955-ஐ எழுதிக்கொள்ளுங்கள்.